பட்டத்தோடு மொழியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைவானுக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஷிஞ்சு நகரில் ஐந்து ஆண்டுகள் முனைவர் பட்ட ஆய்வு செய்தவன் நான். 1980-ல் தொடங்கிய அறிவியல் பூங்கா என்னும் தொழில்நுட்ப வளாகமும், 1987-ல் உருவான, மின்னணுச் சில்லுகள் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனமும் இருக்கும் ஊர் அது.

கட்டுரை எழுத ஆங்கிலம் போதுமே என்று முதல் வருடம் சீன மொழியைத் தொடவே இல்லை. கருவியின் திரையில் சீன எழுத்து வந்தால் பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிடுவேன். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். சீனத்தில் 'மாய்' என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தி எழுப்பிச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து சட்டென இறக்கினால் விற்பது. சந்தையில் கீரை விற்ற அம்மா, கையில் கீரைக்கட்டைப் பிடித்தபடியே எனக்கு மூன்று முறை சொல்லிக்காட்டினார். அன்றுதான் அந்த ஊர் எனக்குத் திறந்தது.

இன்று தைவான் பொறியாளர்களோடு தினமும் பேசுவது என் வேலையில் பாதி. பட்டம் என்னை நேர்காணல் வரை கொண்டுவந்தது. வேலையைத் தந்தது மொழிதான். அந்தப் பக்கத்து மேசைத் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்வந்தேன்.

நம் பல்கலைக்கழகங்கள் புறப்படும் மாணவர்களுக்கு ஆறு மாதமாவது அடிப்படைச் சீன வகுப்பு நடத்த வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: தைவானில் புழங்குவது மரபு எழுத்து, சீனாவில் எளிதாக்கப்பட்ட எழுத்து. எந்த நாட்டுக்குப் போகிறார்களோ அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வு மாணவன்