ஸ்பிரிங்குக்கு உயிர் இருக்கிறது

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படத்தை மரகதம் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மூக்கு உன் மூக்கேதான், பாவம் குழந்தை. என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். பரவாயில்லை, படி ஏறும்போதுதான் முணுமுணுக்கிறது.

முழங்கால் சரியானால் நான் எங்கே போவேன் என்று உனக்குத் தெரியாதா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய சாமான் பார்க்க நமக்குப் போக்கிடம் இல்லாமல் போனதே, அந்தக் குறையை இந்தச் சந்தைதான் கொஞ்சம் தீர்த்து வைக்கிறது. அங்கே ஒருவர் தார்ப்பாயில் ஓட்டைக் குழாய், சாவி இல்லாத பூட்டு, டிவி ரிமோட் எல்லாம் கொட்டி வைத்திருந்தார். அதற்கு நடுவில் இரண்டு மடக்குக் கத்திகள்.

முதல் கத்தி பார்க்க அழகு. மஞ்சளாகப் பளபளக்கும் பிடி. “தந்தம் சார்” என்றார். தந்தமாக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மான் கொம்புக்கும் அதே கதைதான். ஆனால் அது தந்தமில்லை, செல்லுலாயிட் என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அந்தச் சரக்கு வயதாக வயதாகத் தானே கெட்டுப்போய் ஒரு ஆவியை விடும். பக்கத்தில் இருக்கிற இரும்பை அது தின்றுவிடும். அலகு நுனியில் சுத்தமாக இருக்க, பிடிக்குள் போகிற இடத்தில் மட்டும் துரு அரித்திருந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். திறந்து பார்த்தால் தாழ்ப்பாள் கழன்ற கதவு மாதிரி லொடலொட என்று ஆடியது. அலகைப் பிடித்து நிறுத்துகிற முதுகு ஸ்பிரிங் நடு ரிவிட் ஓட்டையில் உடைந்திருந்தது. பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உடையும். கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது கத்தி கரிக்கட்டை. மூன்று அங்குல அலகு, எலும்புப் பிடி. எலும்பு என்று எப்படித் தெரிந்தது என்றால், அழுக்கு ஏறிய சின்னச் சின்னக் கறுப்புக் கீற்றுகள் மேலெல்லாம் இருந்தன. எலும்பின் நுண்துளைகள் அவை. தந்தத்தில் அப்படி வராது. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தில் மண் அடைத்திருந்தது. நகம் பிடிக்காமல் என் சாவியால் நெம்பித் திறந்தேன். பாதி வழி வரை மனசில்லாமல் வந்தது. அப்புறம் ஸ்பிரிங் அதைத் தன் பக்கம் இழுத்து “டக்” என்று நிறுத்தியது பார், அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். இத்தனை அழுக்குக்குள்ளேயும் அந்த ஸ்பிரிங்குக்கு உயிர் இருந்தது.

இருந்தாலும் உடனே வாங்கவில்லை. எழுநூறு கேட்டார். அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். பிடியை ஒட்டிச் சாணைக்கல் படாத ஒரு துண்டு இருக்கும் இல்லையா, அதன் அகலம்தான் பிறந்த அகலம். நடு அலகு அதைவிடக் கால்வாசி குறைந்து, தேய்பிறை மாதிரி உள்வாங்கியிருந்தது. யாரோ ஒரு மனிதர் வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டி வேலை வாங்கியிருக்கிறார். நுனியில் ஒரு நூல் அளவு உடைந்திருந்தது. மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் சந்து தெரியவில்லை, அது நல்லது. பக்கவாட்டில் அழுத்தினால் லேசான ஆட்டம். மேலும் கீழுமாக ஆட்டமே இல்லை. பக்கவாட்டு ஆட்டம் ரிவிட்டைத் தட்டினால் போகும். மேல் கீழ் ஆட்டம் என்றால் உள்ளே எஃகே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு நம்மிடம் வைத்தியம் கிடையாது. துருவில் குழிகள் முதுகுப் பக்கமாக இருந்தன. வெட்டும் விளிம்பில் குழி இருந்தால் தீட்டத் தீட்ட அது பல் பல்லாக உடையும். முதுகில் இருந்தால் என்ன, கிழவன் முகத்து அம்மைத் தழும்பு மாதிரிதானே.

ஒரு வாரம் யோசித்தேன். மரகதம் கேட்டாள்: “அந்தக் காசுக்குத் துருவே பிடிக்காத புதுக் கத்தி வருமே?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை. கூலி, மண்ணெண்ணெய், வாட்டர் பேப்பர் எல்லாம் கணக்குப் போட்டால் இது சுத்த நஷ்டம். தேய்ந்த அலகை யாரும் திருப்பி வாங்கவும் மாட்டார்கள். விற்கிற எண்ணத்தோடு இப்படி ஒன்றை வாங்குகிறவன் முட்டாள். நான் மாங்காய் நறுக்கவும் சணல் அறுக்கவும் வாங்குகிறேன். என் ஆயுசுக்கு அந்த முக்கால் அலகு போதும்.

அடுத்த வெள்ளி போனபோது அதே தார்ப்பாயில் அதே இடத்தில் கிடந்தது. நானூறுக்கு முடிந்தது.

இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். காலையில் பழைய டூத்பிரஷால் உள்பள்ளத்தைத் தேய்த்தால் மூக்குப்பொடி மாதிரி கெட்டித்த தூசியும் ஒரு தேங்காய் நாரும் வந்தன. தையல் மெஷின் எண்ணெய் விட்டு, திறந்து மூடி, துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படியே ஐம்பது தடவை. முதலில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்த எண்ணெய் கடைசியில் தெளிந்துவிட்டது. அலகுக்கு அறுநூறாம் நம்பர் வாட்டர் பேப்பர், எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மட்டும். சிவப்புத் துருவை எடுத்துவிட்டுக் கறுப்பை விட்டுவிட்டேன். அந்தக் கறுப்பு எஃகுக்குத் தோல் மாதிரி. எலுமிச்சை நறுக்க நறுக்க இன்னும் கறுக்கும்.

அழுக்கு போனதும் அலகின் அடியில் முத்திரை தெரிந்தது. ஆர், ஓ, டி என்று மூன்று எழுத்து, மீதி துருவில் போய்விட்டது. மேலே ஒரு கிரீடம், அதற்கு இந்தப் பக்கம் ஜி, அந்தப் பக்கம் ஆர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊர் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திக் கம்பெனியாக இருக்க வேண்டும். ஜி, ஆர் என்பது ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவோ ஆறாம் ஜார்ஜ் ராஜாவோ என்றால் 1910க்கு முன்னாலும் இல்லை, 1952க்குப் பின்னாலும் இல்லை. அவர்களுடைய முத்திரை ஒரு நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும், 1682லேயே பதிவானது. இதில் சிலுவையின் ஒரு கைதான் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பேருக்குப் போலிகள் ஏராளம். ஆனால் நடுவில் ‘டி’ இல்லாமல் அடிப்பதுதான் சுலபமான ஏமாற்று, இதில் ‘டி’ பளிச்சென்று இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் வாட்டர் பேப்பர் படவிடவில்லை.

உடைந்த நுனியை எப்படிச் சரிசெய்தேன் என்று கேட்பாய். விளிம்புப் பக்கம் தொடவில்லை. முதுகைத் தேய்த்து நுனிக்கு இறக்கினேன். கல்லில் கையால்தான், தண்ணீர் தொட்டுத் தொட்டு, இரண்டு சாயங்காலம் ஆனது. மோட்டார் கல் பக்கமே போகவில்லை. அப்பாவின் பேனாக்கத்தியை ஒரு சாணைக் கடையில் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறக்க ரெண்டே நிமிஷத்தில் தீட்டிக் கொடுத்தான். நானும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நுனியில் மயில் கழுத்து நீலம். எஃகு முந்நூறு டிகிரிக்குப் பக்கம் போனால்தான் அந்த நிறம் வரும், அதோடு அதன் கடினமும் போய்விடும். அதற்கப்புறம் அந்தக் கத்தி தக்காளியைக்கூட ரெண்டு நாளுக்கு மேல் ஒழுங்காக வெட்டியதில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பென்சில் சீவ பிளேடுக்கு மாறிக்கொண்டார்.

இப்போது கத்தி தபால் கவரைச் சத்தமில்லாமல் கிழிக்கிறது. உன் கடிதத்தை அதில்தான் பிரித்தேன். மிச்சம் அந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான். பிடியின் தலைப்பில் ஜெர்மன் சில்வர் (பேர்தான் சில்வர், வெள்ளி இல்லாத உலோகக் கலவை) பட்டைக்குள் ரிவிட் மறைந்திருக்கிறது. ஒரு தட்டு கூடினால் கத்தி இறுகித் திறக்காது, குறைந்தால் ஆட்டம் போகாது. எனக்குக் கை நடுங்குகிறது, சும்மா சொல்லவில்லை. நீ ஃபிட்டர் ஆச்சே. பொங்கலுக்கு வரும்போது அந்தச் சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. பட்டறைக் கல்லுக்கு நான் ஒரு தண்டவாளத் துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் பல்லாவரம்தான், விலையை மரகதத்திடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
ரத்தினம்