எங்கள் கரையைக் கேட்காமல் எடுத்த படம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1984ஆம் வருஷம் வேதாரண்யக் கரையிலிருந்து இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு நடந்த ஆயுதக் கடத்தல் என்று சொல்லி இப்போது தியேட்டரில் ஓடும் படத்துக்கு உங்கள் விமரிசகர் நல்ல மார்க் போட்டிருந்தார். அந்தக் காலத்தை அப்படியே கண்முன் கொண்டுவந்திருக்கிறார்களாம். நான் ஆறுகாட்டுத்துறைக்காரன். ஓடாவி வேலை, அதாவது படகு கட்டுவது, பழுது பார்ப்பது. அந்த வருஷம் எனக்கு 22 வயது. பேரனோடு திருத்துறைப்பூண்டி போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்கிறார்கள், சத்தம்கூட வேறு வேறாகக் கேட்கிறது. கடலுக்கு வந்தால் அந்த அக்கறை காணோம். சாக்கில் கட்டிய துப்பாக்கிகளைக் கட்டுமரத்தில் ஏற்றி, பௌர்ணமி வெளிச்சத்தில் யாழ்ப்பாணக் கரைக்குப் போகிறார்கள். கட்டுமரத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் ஏறும். கோடியக்கரையிலிருந்து அந்தப் பக்கம் ஐம்பது அறுபது கிலோமீட்டர். நிஜத்தில் இயக்கத்துக்காரர்கள் போனதெல்லாம் மோட்டார் வைத்த பைபர் படகில், அதுவும் நிலா இல்லாத இருட்டில். படத்தில் தீபாவளி நேரம் என்கிறார்கள், கடல் குளம் மாதிரி கிடக்கிறது. ஐப்பசி வாடையில் எங்கள் கடல் எப்படி இருக்கும் என்று இங்கே சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஒரு பலகையில் நாகப்பட்டினம் மாவட்டம் என்று எழுதியிருக்கிறது. 1991 வரை நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம்.

சரி, இதையெல்லாம் விட்டுவிடலாம். கரையில் இருப்பவன் ஒவ்வொருவனும் "எவ்வளவு தருவே?" என்று கேட்டுக்கொண்டே திரிவதாகக் காட்டியதுதான் மனசை அறுக்கிறது. அதற்கு முன்னால் இங்கே கள்ளக்கடத்தல் இருந்தது, மறைக்கவில்லை. சேலை போனது, கிராம்பும் சோப்பும் வந்தன, சிலர் காசும் பார்த்தார்கள். 83 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு நடந்தது வேறு.

ஒரு ராத்திரி இயக்கத்துப் பையன்கள் நாலு பேர் ஒரு பைபர் படகை எங்கள் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், மூன்று ஓட்டை, இலங்கை நேவி சுட்டது. அப்பா மரப்படகுக்காரர். பஞ்சும் குங்கிலியமும் வைத்துப் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலையில் கெட்டிக்காரர், பைபரைத் தொட்டதே இல்லை. ரெசின் டப்பாவையும் கண்ணாடி நார் விரிப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். முதல் கலவையில் ரெசினை இறுக வைக்கும் மருந்து கூடிப்போய் டப்பாவுக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. இரண்டாவது கலவையை அப்பா சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பூசினார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவன் "விடியமுன்னம் முடியுமோ ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "காயணும்ல தம்பி" என்றார் அப்பா. கூலி வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அதே படகு திரும்பி வந்தது. உள்ளே இரண்டு குழந்தைகள், ஒரு கர்ப்பிணிப் பெண், அப்புறம் ஒரு பாட்டி. பாட்டியின் மடியில் சேலையில் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்த்தால் தையல் மெஷினின் மேல்பாகம் மட்டும். எரிந்த வீட்டிலிருந்து அதை மட்டும்தான் எடுக்க முடிந்ததாம். அம்மா கஞ்சி கொடுத்தபோதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. 83க்கும் 87க்கும் நடுவே 1,30,000 பேருக்கு மேல் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஆயுதம் போன படகுகளில் ஆளும் வந்தது. படத்தில் ஒரு அகதிகூட இல்லை.

இன்னொன்று, கோடியக்காட்டுக்குள் போலீஸ் ஜீப் சுட்டுக்கொண்டே துரத்துகிறது. எனக்குத் தெரிந்து 84இல் எங்கள் கரையில் அப்படி ஒரு துரத்தல் இல்லை. இயக்கங்களுக்கு அப்போது இந்திய அரசே டேராடூன் பக்கம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரத்தநாட்டிலேயே முகாம் இருந்தது. 1986 நவம்பரில், பெங்களூரில் தெற்காசிய நாடுகளின் சார்க் மாநாட்டுக்குச் சில நாள் முன்புதான் எம்.ஜி.ஆர். அரசின் போலீஸ் மாநிலம் முழுக்க இயக்கங்களிடம் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் தெரிந்து நடந்த காரியத்தைக் கரைக்காரனின் பேராசையாகக் காட்டினால், விவரம் தெரியாத பிள்ளைகள் அதைத்தானே நம்பும்? என் பேரன் வரும் வழியில் பஸ்ஸில் கேட்டான், "தாத்தா, நீங்களும் காசு வாங்கினீங்களா?"

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அப்பாவை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். ஏழு நாள். பழைய ரெசின் டப்பா ஒன்று கொட்டகையில் கிடந்ததுதான் காரணம். திரும்பி வந்தவர் அதற்கப்புறம் உளியைத் தொடவில்லை. அவரைப் போல எத்தனையோ பேர். இயக்குநருக்கு இந்தக் கதை கிடைக்காமல் போனது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. படப்பிடிப்புக்கு வந்தபோது எங்கள் தெருக் கடையில்தான் தினமும் டீ குடித்தார்கள்.

அந்தக் காலத்தில் கடலுக்குப் போனவர்கள் ஆறுகாட்டுத்துறையில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேச வேண்டும். அடுத்த படம் எடுக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்: காலையில் மீன் ஏலம் முடிந்து பத்து மணிக்கு மேல் வந்தால், நாலு பேரும் வலை பின்னும் கொட்டகையில்தான் இருப்பார்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
ஓடாவி, ஆறுகாட்டுத்துறை, வேதாரண்யம் வட்டம்