பட்டி பார்க்கும் வேலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்குப் பட்டி பார்க்கவே மூன்று வாரம், பெயின்ட் அடித்தது இரண்டே நாள் என்று பெயின்டரைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். பாவம், விட்டுவிடு. நானும் ஆறு மாதமாகப் பட்டிதான் பார்க்கிறேன், ஒரு ஜாண் எவர்சில்வர் குழாய்க்கு.

சூடான பல்லேடியம் என்ற உலோகம் ஹைட்ரஜனை மட்டும் தன் வழியே விடும் என்று முன்பு சொன்னேனே, அந்த வேலைதான். பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்று தாமஸ் கிரகாம் 1866-லேயே கண்டுவிட்டார். ஆனால் அது விற்கிற விலைக்கு முழுக்குழாயாகச் செய்ய முடியுமா? அதனால் துளைகள் நிறைந்த 316எல் ரக எவர்சில்வர் குழாயின் மேல் சில மைக்ரான் கனத்துக்குப் பூசுகிறோம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வம்பே அந்தத் துளைகளில்தான். வடிகட்டும் அளவு 0.1 மைக்ரான் என்று குழாயோடு வந்த தாளில் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பில் 10 மைக்ரான் பள்ளங்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இருப்பதிலேயே பெரிய துளையைப் போல மூன்று மடங்கு கனத்துக்குப் பூசினால்தான் ஓட்டை அடைபடும் என்பது எங்கள் தொழில் கணக்கு. ஒரே ஒரு பள்ளத்துக்காகக் குழாய் முழுக்க 30 மைக்ரான்!

முதலில் புத்திசாலித்தனமாக எமரித் தாளைப் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அப்புறம் நைட்ரஜனை விட்டுப் பார்த்தால் மூச்சே போகவில்லை. தேய்த்த உலோகம் இழுபட்டு நல்ல துளைகளையும் மூடிவிட்டது. அந்தக் குழாய் இப்போது என் மேசையில் பேனா உருளாமல் தடுக்கிறது.

இப்போது காரக்கரைசலில் மீயொலிக் குளியல், தண்ணீர், ஐசோபுரொப்பனால், பிறகு அடுப்பு. வெறுங்கையால் தொடவே கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. உள்ளிருந்து வெற்றிடத்தால் உறிஞ்சியபடி அலுமினாத் (அலுமினிய ஆக்சைடு) தூளைப் பட்டி போலப் பள்ளங்களில் இறக்குகிறேன். அதற்கும் முன்னால் 500 டிகிரியில் காற்றிலேயே வாட்டி ஆக்சைடு படலம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் அதிகச் சூட்டில் ஓடும்போது எஃகிலுள்ள இரும்பும் குரோமியமும் பல்லேடியத்துக்குள் ஊர்ந்து வந்து அதைக் கெடுத்துவிடும்.

போன வாரம் பூசிய குழாயை ஆல்கஹாலில் முக்கி உள்ளே நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தேன். உடம்பு முழுக்க அமைதி. துளைக்குழாயும் சாதாரணக் குழாயும் சேரும் வெல்டிங் ஓரத்தில் மட்டும், கடுகளவு குமிழி ஒன்று விடாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஒரு உதவி செய். மரச் சன்னல் சட்டமும் சுவரும் சேரும் ஓரத்தில் பட்டி விரிசல் விடாமல் எப்படி நிற்க வைக்கிறார் என்று உன் பெயின்டரிடம் கேட்டு எழுது. திட்டாமல் கேள்.

அன்புடன்,
ரவி