தேக்கா வட்டாரத்தில் தமிழில் புதையல் தேடல் நடைக்கு வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தேக்கா வட்டாரக் கடைக்காரர்கள், பெற்றோர், தமிழாசிரியர்கள் சார்பில்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
தேசிய மரபுடைமைக் கழகம்,
சிங்கப்பூர்.

பொருள்: லிட்டில் இந்தியாவில் மாணவர்களுக்கான புதையல் தேடல் நடையைத் தமிழில் அமைத்துத் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் தமிழிலேயே வகுக்கப்பட்ட புதையல் தேடல் நடை ஒன்றைத் தங்கள் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்றும், அதன் துப்புகள் கைப்பேசித் திரையை விட்டுக் கடைகளிலும் அவற்றின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைகளான அஞ்சடிகளிலும் அங்குள்ள மனிதர்களிடமும் விடை தேட வைப்பவையாக இருக்க வேண்டும் என்றும் கோரி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இரண்டாவது கோரிக்கையை வலியுறுத்தக் காரணம் உண்டு. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஓர் அமைப்பு இங்கே நடத்திய புதையல் வேட்டைக்கு எங்களில் சிலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். கேள்விகள் யாவும் செயலியில் வந்தன. விடைகளோ இணையத்தில் தயாராகக் கிடந்தன. ஒரு குழு உணவங்காடி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மைலோ குடித்துக்கொண்டே எல்லா விடைகளையும் அனுப்பிவிட்டுப் பேரங்காடிப் பற்றுச்சீட்டுகளைப் பரிசாகப் பெற்றுக்கொண்டது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நடக்காமலே முடித்துவிடக்கூடிய நடையைத்தான் பெரியவர்கள் அவர்களுக்குக் கொடுத்திருந்தோம்.

தேடுவதற்கு இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. சிராங்கூன் சாலை 1828ஆம் ஆண்டு வரைபடத்திலேயே காணப்படுகிறது. பிற்காலத்தில் அதன் இருபுறமும் மாட்டு வணிகம் செழித்தது. கல்கத்தாவில் பிறந்து இங்கே மாட்டு வணிகம் செய்த பெலிலியோஸின் பெயரை ஒரு சாலையும் ஒரு சந்தும் இன்றும் தாங்கி நிற்கின்றன. 1915இல் எழுந்த கண்டாங் கெர்பாவ் சந்தை, இப்போதைய தேக்கா நிலையத்துக்குச் சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது என்பதும், 1980களில்தான் கடைகள் இந்தப் பக்கம் வந்தன என்பதும், வாராவாரம் அந்நிலையத்தின் ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கும் பெற்றோர் பலருக்கே செய்தியாக இருக்கும். கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வீடு, இவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள ஒரே சீன மாளிகை. அதன் வண்ணக் கதவுகளுக்கு முன்னால் படம் எடுப்போர் கூட்டம் ஓய்வதில்லை, அது மிட்டாய் ஆலைகள் நடத்திய ஒருவரின் வீடு என்று கேட்டறிவோர் குறைவு. டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் ஒரு சூரியன் இருக்கிறது. அதன் கதிர்கள் 25. ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அண்ணாந்து பார்க்காமல் அந்த வாசலைக் கடந்து போனவர்கள் எங்களிலேயே பலர்.

தங்கள் கழகம் இவ்வட்டாரத்திற்கு மரபுடைமைப் பாதை ஒன்றை ஏற்கெனவே அமைத்திருப்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். அது படித்துக்கொண்டே நடக்கும் பெரியவர்களுக்கு மிகவும் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளையைத் தகவல் பலகைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்பது தாங்கள் அறியாதது அன்று.

நாங்கள் கருதும் துப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். பஃப்ளோ சாலைப் பூக்கடை ஒன்றுக்குப் பிள்ளைகள் சென்று, 'இன்றைய மாலையில் மல்லிகைக்கு இடையே என்ன வைத்துக் கட்டுகிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். ஒருநாள் துளசியாக இருக்கும், இன்னொரு நாள் மரிக்கொழுந்தாக இருக்கும். அன்றைக்கு என்ன என்பதை எந்த இணையத்தளமும் சொல்லாது. பூக்கடைக்காரர் நாரைப் பல்லிடுக்கில் கவ்வியபடி தலையை ஆட்டினால், விடையை எழுதிய தாளில் அவரே முத்திரை வைப்பார். பக்கத்துக் காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் இவ்வாறே அமைக்கலாம். எங்களோடு கையொப்பமிட்டுள்ள கடைக்காரர்கள் இதற்கு இசைந்துள்ளனர். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் மட்டும் வர வேண்டாம் என்பதே அவர்களுடைய நிபந்தனை, அது நியாயமானதும்கூட.

இம்முறையில் இன்னொரு வசதியும் உண்டு. 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில் கடைவீட்டுத் தூணிலோ சுவரிலோ எதையும் ஒட்டவோ ஆணி அடிக்கவோ தேவையில்லை. முத்திரை கடைக்காரரின் மேசை இழுப்பறையில் இருக்கும், தாள் பிள்ளையின் கையில் இருக்கும்.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் தாளைப் பெற்றுக்கொண்டு பள்ளிவாசல் முகப்பைப் பார்த்துவிட்டு, சிக்னலில் சிராங்கூன் சாலையை ஒரே ஒருமுறை கடந்து பஃப்ளோ சாலை, ஈரச்சந்தை, கெர்பாவ் சாலை வழியாகப் பெலிலியோஸ் லேனை அடைவது எங்கள் யோசனை. அங்கே பழந்தொழில்களைக் காட்டும் சுவரோவியத்தில் கிளி சோதிடரைக் காணலாம். இன்றைய பிள்ளைகளுக்கு அவர் சுவரில்தான் அறிமுகம். அருகிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலில் நடையை முடிக்கலாம். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் அதைச் சுண்ணாம்புக் கம்பம் (கம்பம் என்றால் சிற்றூர்) கோயில் என்று அழைத்தார்கள் என்பதே கடைசித் துப்புக்குப் போதிய சரக்கு. கோயில் நண்பகலில் நடை சாத்தப்படுவதாலும் வெயிலை எண்ணியும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவது நல்லது. வெள்ளிக்கிழமை தவிர்க்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்: வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களைச் சந்திக்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் அன்றுதான் இங்கே வருகிறார்கள், அவர்களுக்கு இடையே பிள்ளைகளைக் கூட்டமாக ஓடவிடுவது இரு தரப்புக்கும் மரியாதையாகாது. அஞ்சடிகள் கடைக்குக் கடை உயரம் மாறுவதால், சக்கர நாற்காலியில் வருவோருக்கு மாற்று வழியைத் தாளிலேயே குறிக்க வேண்டும்.

துப்புகளை முதலில் தமிழில் எழுதித் தர, எங்கள் குழுவிலுள்ள ஆசிரியர்கள் ஊதியமின்றி முன்வந்துள்ளனர். தாள் அச்சிடுதல், முத்திரைகள், வழிகாட்டும் தொண்டூழியர்களுக்கான பயிற்சி, காப்புறுதி ஆகியவற்றுக்கே கழகத்தின் உதவியை நாடுகிறோம். பரிசுக்குப் பெரும் செலவு வேண்டாம். ஒரு முழம் பூவோ ஒரு பொட்டலம் முறுக்கோ கடைக்காரர்களே தருவார்கள்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் இதை வெள்ளோட்டமாக நடத்தி, குறைகளைக் களைந்து, ஜூன் விடுமுறையில் எல்லாப் பள்ளிகளுக்கும் திறந்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்கு முன்பாகத் தங்கள் அதிகாரி ஒருவரை ஏதேனும் ஒரு சனிக்கிழமைக் காலையில் அனுப்பிவைத்தால், மேற்கண்ட வழியில் அவருடன் நடந்து விளக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுவில் கையொப்பமிட்டுள்ள கடைக்காரர்கள், பெற்றோர், ஆசிரியர்கள்.

இணைப்பு: கையொப்பப் படிவம், நடைவழியின் கைவரைபடம், மாதிரித் துப்புத் தாள்.