மாலை நாலு மணிக்குத் தொடங்கும் டிக்கெட்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, விமானத்தில் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் கல்லூரி விண்ணப்பங்களில் மூழ்கிக் கிடக்கிறான். சாப்பாட்டு நேரத்தில்தான் முகம் பார்க்கிறோம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்கில் நடக்கும் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குத் தனியாக டிக்கெட் எடுக்கத்தான் வேண்டுமா, பகல் டிக்கெட்டிலேயே அது வராதா என்று கேட்டிருந்தாய். வராது. 'மிக்கீஸ் வெரி மெர்ரி கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்று பெயர். 1983-ல் தொடங்கியது. நவம்பர், டிசம்பரில் சில குறிப்பிட்ட இரவுகளில் மட்டும், 7 மணியிலிருந்து நள்ளிரவு 12 வரை நடக்கும். அந்த நாட்களில் பகல் டிக்கெட்காரர்களை 6 மணிக்கே அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாள் டிக்கெட் கையில் இருந்தாலும் பார்ட்டி டிக்கெட் இல்லாவிட்டால் வெளியே போகத்தான் வேண்டும். இது தெரியாமல் போய், ஆறு மணிக்கு அழுகிற குழந்தையோடு வாசலை நோக்கி நடக்கிற குடும்பங்கள் நிறைய.

நீ கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பார்ட்டி டிக்கெட்டில் 7 மணி என்று போட்டிருந்தாலும் 4 மணிக்கே உள்ளே விடுவார்கள். அப்படியென்றால் அது ஐந்து மணி நேர டிக்கெட் இல்லை, எட்டு மணி நேர டிக்கெட். அதனால் அதே நாளுக்குப் பகல் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடாதே. டிசம்பரில் மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட்டே 150 டாலருக்கு மேல். இரண்டையும் வாங்கினால் பணமும் போகும், காலையிலிருந்து வெயிலில் அலைந்த உன் சின்னவன் எட்டரை மணி அணிவகுப்புக்குள் (11 மணிக்கு இன்னொன்று உண்டு) தூங்கியும் போவான். ஐந்து நாள் தங்குகிறீர்கள் என்றால் நாலு நாள் பார்க் டிக்கெட் போதும். மீதி ஒரு நாளில் பகல் மூன்று மணி வரை ஹோட்டல் நீச்சல் குளம், குட்டித் தூக்கம், பிறகு பார்ட்டி. கணக்கு இப்படித்தான் சரியாக வரும்.

விலை தேதிக்குத் தேதி மாறும். சமீப வருடங்களில் மலிவான இரவுக்கு 169 டாலர்; கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் 200-ஐத் தாண்டிவிடும். மூன்றிலிருந்து ஒன்பது வயது வரை பத்து டாலர் குறைவு. பத்து முடிந்தால் பெரியவர் கட்டணம். மூன்று முடியாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். சின்னவனுக்கு மார்ச்சில்தானே மூன்று முடிகிறது? அப்படியானால் நீங்கள் மூன்று பெரியவர்கள், ஒன்பது வயதுக்காரி ஒருத்தி. 189 டாலர் இரவு ஒன்றை எடுத்தால் 567-ம் 179-ம் சேர்த்து 746. அதன்மேல் ஆறரை சதவீத விற்பனை வரி. மொத்தம் 794 டாலர் சொச்சம். இணையத்தில் பெரிய எழுத்தில் காட்டுகிற விலையில் வரி இருக்காது என்பதை அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடு, பிறகு உன்னோடு சண்டை வரும்.

எந்த இரவு? நவம்பர் நாலாவது வியாழன் நன்றி செலுத்தும் நாள். அந்த வாரம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமும் வேண்டாம். விலையும் உச்சம், டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். டிசம்பர் முதல் பாதியில் வார நடுவில் வருகிற ஓர் இரவு உங்களுக்குச் சரி. டிக்கெட் அந்த ஒரு தேதிக்கு மட்டும்தான், பணம் திரும்பக் கிடைக்காது. விமானம் இறங்கிய அன்றைக்கே போட்டுவிடாதே. நேர மாற்றத்தில் எல்லோரும் எட்டு மணிக்கே சாய்ந்துவிடுவீர்கள். மூன்றாவது, நாலாவது நாள் நல்லது. மறுநாள் காலை எதுவும் வைக்காதே.

மழை வந்தால்? அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். ஃப்ளோரிடாவில் மழைக்காலம் கோடையில். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை நடக்கும் ஹாலோவீன் பார்ட்டிதான் மழையில் அடிக்கடி மாட்டும். டிசம்பர் வறண்ட மாதம். ஆனாலும் மழை பெய்தால் அணிவகுப்பைச் சுருக்குவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். பார்க் நடுவில் இருக்கும் கோட்டையின் முன் மேடை ஈரமானால் நடனக்காரர்கள் வழுக்கி விழுவார்கள் என்று மேடை நிகழ்ச்சியும் நின்றுவிடும். எதற்கும் பணம் திரும்பாது. அதனால்தான் எதையும் இரண்டாவது காட்சிக்கு மட்டுமே என்று ஒத்திப்போடுவதற்கு முன் வானத்தைப் பார்க்கவேண்டும்: எட்டு மணிக்கு வானிலைச் செயலியில் 11 மணிக்கு மழை என்று காட்டினால் முதல் அணிவகுப்பைப் பார்த்துவிடு. குளிர் பற்றி: பகலில் 22, 23 டிகிரி இருக்கும், நள்ளிரவில் 11, 12. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிய நாளில் இன்னும் கீழே போகும். நாலு மணிக்கு அரைக்கை சட்டை போதும் என்று தோன்றும். பத்து மணிக்கு அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடுகிற தொப்பியும் இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் சின்னவனின் தள்ளுவண்டி அடித்தட்டில் போட்டுவிடு.

உள்ளே நுழையும்போது கையில் ஒரு காகிதப் பட்டை கட்டுவார்கள். ஆறு மணிக்குப் பிறகு ரைடு வாசலிலும் ஒவ்வொரு பகுதிக்குப் போகிற வழியிலும் ஆட்கள் நின்று அதைத்தான் பார்ப்பார்கள். சின்னவன் பிய்த்துப்போடாமல் பார்த்துக்கொள். ஸ்வெட்டர் கைக்குள் ஒளிந்துகொண்டால் ஒவ்வொரு தடவையும் இழுத்துக் காட்டவேண்டியிருக்கும், எரிச்சல்.

இனி நேரக் கணக்கு. நாலிலிருந்து ஆறு வரை பகல் கூட்டமும் பார்ட்டிக் கூட்டமும் கலந்திருக்கும். பெரிய ரைடு வரிசையில் நிற்க அதுதான் மிக மோசமான நேரம். அப்போது சாப்பிட்டு முடித்துவிடு. இரவில் கடைகள் சிலதான் திறந்திருக்கும். ஐந்து மணிக்கே வயிற்றை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். ஐந்தரைக்குச் சூரியன் மறைந்து விளக்கெல்லாம் எரியத் தொடங்கும், படம் எடுக்க அழகான நேரம். ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்களாக வேஷம் போட்டவர்களோடு படம் எடுக்கவேண்டும் என்று பெரியவள் பிடிவாதம் பிடித்தால் ஆறு மணிக்கே அந்த வரிசையில் போய் நிற்கவேண்டும். ஏழும் ஒன்றாக வருவது அபூர்வம், அதனால் பார்ட்டி தொடங்கும் முன்பே அந்த வரிசை நீண்டுவிடும். என்னைக் கேட்டால் அதை விட்டுவிடச் சொல்வேன். ஒரு படத்துக்காகத் தலைக்கு நூற்றெண்பது டாலர் கொடுத்து வாங்கிய இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைக்க மனம் வராது.

பார்ட்டி நேரத்தில் லைட்னிங் லேன், அதாவது கூடுதல் காசு கொடுத்துச் சீக்கிரம் போகிற வரிசை, கிடையாது. எல்லோரும் சாதா வரிசைதான். டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் பெரும்பாலான ரைடுகளில் அதிக நேரம் காத்திருக்கவேண்டியதில்லை. டிரான் என்ற ரோலர் கோஸ்டரிலும் ஏழு குள்ளர் சுரங்க ரயிலிலும் மட்டும் கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு எட்டரை மணி சரியான நேரம்: முதல் அணிவகுப்புக்காகப் பாதிப்பேர் தெருவோரம் உட்கார்ந்துவிடுவார்கள், வரிசை சட்டென்று இளைக்கும். சுரங்க ரயிலுக்கு 97 சென்டிமீட்டர், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122 உயரம் வேண்டும். புறப்படும் முன் பெரியவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடு, வாசலில் போய் அழவேண்டாம். சின்னவனுக்காக நீயும் அண்ணனும் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் போய்வந்த பிறகு மற்றவர் முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் போகலாம். ஸ்பேஸ் மவுண்டனில் அன்றைக்கு கிறிஸ்துமஸ் இசை போடுவார்கள். ஜங்கிள் குரூஸ் படகு மட்டும் இந்த இரவுக்கென்று அலங்கரிப்பது இல்லை, சீசன் முழுக்கப் பகலிலும் அப்படித்தான். அதைப் பகல் டிக்கெட் நாளிலேயே முடித்துக்கொள்.

இலவசமாக பிஸ்கட்டும் சூடான கோகோவும் கொடுப்பார்கள், பார்க் முழுக்கப் பல இடங்களில். இடத்துக்கு இடம் பிஸ்கட் வேறு. ஏழு மணிக்கு எல்லோரும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் குவிவார்கள். நீ பின்பக்கம் போ. வேண்டுமளவு திரும்பத் திரும்ப வாங்கலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு ஒன்று: அங்கே மார்ஷ்மெல்லோ என்றாலே பெரும்பாலும் ஜெலட்டின், விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. கோகோவின் மேலே அது மிதந்தாலோ, காசு கொடுத்து வாங்குகிற அரிசிப்பொரி இனிப்பில் கலந்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடு. கேட்டால் என்னென்ன சேர்த்தது என்று எடுத்துக் காட்டுவார்கள்.

வாணவேடிக்கை பத்து மணிக்கு. கோட்டைச் சுவரிலேயே படங்கள் ஓடும். ஆகவே கோட்டைக்குப் பின்பக்கம் ஃபேன்டசிலேண்ட் பகுதியில் நின்றால் பாதி போய்விடும். ரொம்ப நெருங்கினாலும் உச்சியில் வெடிப்பது கோட்டைக்குப் பின்னால் மறையும். வாசலிலிருந்து கோட்டைக்குப் போகிற மெயின் ஸ்ட்ரீட்டின் நடுவில், தெருவின் மையத்தில் நில். அந்தத் தெருவில்தான் பனி விழும். பனி என்பது கூரை மேலிருந்து இயந்திரம் ஊதுகிற சோப்பு நுரை. விளக்கு வெளிச்சத்தில் நிஜப்பனி போலவே மிதந்து இறங்கும், உள்ளங்கையில் பட்டதும் லேசான பிசுபிசுப்போடு காணாமல் போகும். சின்னவன் வாயைத் திறந்து அண்ணாந்து நிற்பான், விடாதே. கண்ணில் பட்டால் எரியும். கேமரா லென்ஸில் பட்ட துளியை உடனே துடைத்துவிடு, காய்ந்தால் படம் முழுக்க மங்கல் வட்டமாக விழும்.

வேடிக்கை முடிந்ததும் பெரிய கூட்டம் வாசலுக்கு நகரும். சின்னக் குழந்தைக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்போது கிளம்பாதே. 11 மணிக்கு இரண்டாவது அணிவகுப்பு, அதுதான் நீ பணம் கொடுத்து வாங்குவது. எட்டரைக்கு முக்கால் மணி முன்னாலேயே துண்டு போட்டு இடம் பிடிக்கவேண்டிய அதே நடைபாதையில் இப்போது கால் மணி முன்னால் போனால் முன்வரிசை. அணிவகுப்பு ஃபிரான்டியர்லேண்ட் என்ற பகுதியில் தொடங்கி, கோட்டை முன்பாகச் சுற்றி, மெயின் ஸ்ட்ரீட் வழியாக வாசல் சதுக்கத்தில் முடியும். மரப்பொம்மைச் சிப்பாய்கள் முழங்கால் மடக்காமல் நடந்து வருவதைப் பெரியவள் மறக்கமாட்டாள். சான்டா கடைசி வண்டியில். ஓரிடத்தைக் கடக்க ஏறத்தாழ கால் மணி. தொடக்கத்தில் நின்றால் சீக்கிரம் முடிந்து 12-க்குள் இன்னும் ஒரு ரைடு போகலாம். 12-க்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் போதும், ஏற்றிவிடுவார்கள். அம்மா களைத்திருந்தால் மெயின் ஸ்ட்ரீட்டில் உட்காருங்கள், முடிந்ததும் வாசல் பக்கத்திலேயே. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள்; அந்த இடம் நிறைந்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் முன்கூட்டியே போ. நாற்காலியை நாலு மணிக்கே வாசலில் வாடகைக்கு எடுத்துவிடு. முழங்காலை நம்பி எட்டு மணி நேரம் வேண்டாம்.

வண்டியில் போவதானால் நிறுத்தக் கட்டணம் தனி, மாலையில் வந்தாலும் அதே. நிறுத்துமிடம் பார்க் வாசலில் இல்லை, ஏரிக்கு அக்கரையில். அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்கவேண்டும். பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்தால் நாலு மணிக்கு உள்ளே நிற்க மூன்றுக்கே வண்டியை விட்டிருக்கவேண்டும். நிறுத்துமிடத்தின் பகுதிகளுக்கு டிஸ்னி பட ஹீரோக்கள் ஒரு பக்கம், வில்லன்கள் மறுபக்கம் என்று பெயர் வைத்திருப்பார்கள். உன் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள், நள்ளிரவில் ஜாஃபரா ஸர்க்கா என்று நினைவுக்கு வராது. திரும்பும்போது மோனோரயில் வரிசை நீளமாக இருந்தால் படகுக்குப் போ, ஒரே தடவையில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிவிடும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பேருந்து வாசலிலேயே வந்து நிற்கும், வண்டி நிறுத்தக் கட்டணமும் இல்லை. கன்டெம்பரரி ஹோட்டலுக்குப் பத்து நிமிட நடைதான், ஆனால் அந்த வாடகையைக் கேட்டால் அண்ணனுக்குத் தலை சுற்றும்.

இன்னொன்று. டிஸ்னியின் இன்னொரு பார்க்கான ஹாலிவுட் ஸ்டுடியோஸில் 2023 முதல் 'ஜாலிவுட் நைட்ஸ்' என்று இன்னொரு தனி டிக்கெட் இரவு நடக்கிறது. பாட்டு, நடனம், பானம் என்று முக்கியமாகப் பெரியவர்களுக்கானது. தேடும்போது இரண்டும் கலந்து வரும். பெயரைச் சரிபார்த்து வாங்கு. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரை தங்குகிறவர்களுக்கு அணிவகுப்பைச் சாதாரணப் பகல் டிக்கெட்டிலேயே காட்டுவது வழக்கம். ஆனால் வருடத்திலேயே மிக மோசமான நெரிசல் அந்த வாரம்தான். நீங்கள் 15-ந் தேதிக்குள் திரும்புவதால் அந்தக் கேள்வி உனக்கில்லை.

பார்ட்டி இல்லாத நாட்களில் மேஜிக் கிங்டம் நிரம்பி வழியும், பார்ட்டி நாளில் பகல் காலியாக இருக்கும். ஆறு மணிக்கு மூடுகிறார்கள், இரவு வேடிக்கை கிடையாது என்று எல்லோரும் வேறு பார்க்குக்குப் போய்விடுவதே காரணம். அதனால் உன் பகல் டிக்கெட் நாளையும் இன்னொரு பார்ட்டித் தேதியில் போடு. காலையில் ரைடுகளை முடித்துக்கொண்டு ஆறு மணிக்குத் தாராளமாக வெளியே வந்துவிடலாம். நேரங்கள் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நகரும், அன்று காலை செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்.

எந்தெந்த நாட்கள் என்று நீயும் அண்ணனும் முடிவு செய்ததும் எழுது. டிஸ்னியின் நாலு பார்க்கையும் எந்த வரிசையில் வைப்பது என்று நான் போட்டுத் தருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
கலா