ஒரே வீட்டில் நாலு ஓட்டு

அன்புள்ள வைத்தி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றேன், ஆடி வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இப்போது எழுதக் காரணம் பேரன். பதினெட்டு முடிந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற படிவம் 6ஐ செல்போனிலேயே நிரப்பி அனுப்பிவிட்டான். நமக்கு 1977இல் இருபது வயது, ஓட்டுப் போட 21 ஆக வேண்டும். ஓட்டே இல்லாமல் மூன்று ராத்திரி சுவரில் இரட்டை இலை வரைந்தோமே! நீ 'வாக்களிப்பீர்' என்பதில் 'ப்' விட்டாய். (அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள், உன் மானம் தப்பியது.) 21 பதினெட்டானது 1989இல்தான்.

"யாருக்குடா போடப் போறே?" என்று அம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ரகசியம் ஆயா."

"இந்த வீட்டுல என்னடா ரகசியம்? கதிர் அரிவாள்தான்."

அம்மாவை உனக்குத் தெரியும். 2024இல் 85 தாண்டியவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறோம் என்றார்கள். முடியாது, சாவடிக்குத்தான் வருவேன் என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள். அவள் அப்பாவுக்குப் பண்ணையில் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது கம்யூனிஸ்டுகளின் செங்கொடி வந்த பிறகு. அந்தக் கடனைத்தான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

மருமகள் கணக்கு வேறு. மாதம் ஆயிரம் உரிமைத் தொகை அவள் பேரில் வருகிறது, திருத்துறைப்பூண்டி போக டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. "யாரையும் கேக்காம செலவு பண்றது இதுதான் மாமா" என்றாள். ஏதோ உபதேசம் பண்ண வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

பேரனிடம் வெண்மணியைச் சொன்னேன். 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட சனங்கள், ஒரு குடிசைக்குள் 44 பேரை மிராசுதார் ஆட்கள் எரித்தது. மரியாதையாகத்தான் கேட்டான். அப்புறம், "தாத்தா, என் செட்டுல பாதிப் பேர் திருப்பூர்ல இருக்கான். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்தாச்சு. கூலி உயர்வுன்னு யார்கிட்ட போய் நிக்கிறது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அதே தெரு, அதே ரத்தம். கிழவி கண்டது பண்ணை, இவன் காண்பது பஸ் ஸ்டாண்டு.

நான் மட்டும் என்ன யோக்கியம்? செங்கொடி வீட்டுப் பிள்ளை எம்.ஜி.ஆருக்கு வரைகிறேன் என்று அம்மா மூன்று நாள் சோறு போடவில்லை. நாலாம் நாளும் போட்டிருக்க மாட்டாள், உன் வீட்டுக் கொல்லையில் நான் சாப்பிட்டது தெரிந்துதான் இறங்கி வந்தாள்.

வைத்தி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெண்மணி எரிந்தபோது நமக்குப் பதினொன்று. அன்று எங்கள் தெருவில் யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று நீ என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதே கிடையாது. உன் அப்பா காங்கிரஸ், ஐந்து வேலி மிராசு. ஒன்பது வருஷம் கழித்து அவர் பிள்ளை என்னோடு ஒரே வாளியில் மட்டையை நனைத்தான். வயசுக் கோளாறா, அப்பா மேல் கோபமா, என் சகவாசமா?

பேரனும் இதையே கேட்கிறான். எம்.ஜி.ஆர். படத்துக்கெல்லாம் நீதான் டிக்கெட் எடுத்தாய் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். மிச்சத்தை அவனுக்கு நீயே எழுது. 'ப்' விடாமல்.

உன்
முருகையன்