பத்து நிமிடம் என்றால் எந்தப் பத்து நிமிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வீட்டுமனை இணைப்பில் சென்னைப் புறநகரில் வீடு வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிக் கடன் எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போய்வருவதைப் பற்றி மட்டும் 'ரயில் வசதி உண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குள் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ., செங்கல்பட்டு சுமார் 60 கி.மீ. தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றும் பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று போகிறவர்கள் மாம்பலத்தில் ஒரு தாம்பரம் வண்டியை விட்டுவிட்டு அடுத்த செங்கல்பட்டு வண்டிக்கு நிற்க வேண்டும். அதுவோ எழும்பூரிலேயே நிரம்பி வரும். மனை விலை தாம்பரத்தைத் தாண்டியதும் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள்.

ரயிலையாவது அட்டவணை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை உள்ள தூரம்தான் ஆளை அடிக்கிறது. 'கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்' என்று போடும் மனைகள் பல நெல்லிக்குப்பம் சாலையில் உள்ளே தள்ளி இருக்கின்றன. தரகர் உங்களைக் கூட்டிப்போவது ஞாயிற்றுக்கிழமை காலையில், காரில். அந்தப் பத்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம். வேலைநாளில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கினால் ஷேர் ஆட்டோ ஆள் சேராமல் கிளம்பாது. முன்சீட்டில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்த பிறகும் "இன்னும் ஒருத்தர் வரட்டும் சார்" என்பார். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், விளக்கு எரியாத தெருவும் நாய்களும் மிச்சம். டூவீலரை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போடலாம்தான். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அதுவும் சுற்றுவழி.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் கணக்கு இன்னும் சிக்கல். ஒருவருக்கு கிண்டி, ஒருவருக்கு சிறுசேரி என்றால் ரயில் கிண்டிக்காரருக்குத்தான் உதவும். மற்றவர் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் நிற்க வேண்டியதுதான். பெரும்பாலும் வீட்டுக்காரரின் ஆபீஸை வைத்தே இடம் பார்க்கிறோம். சமையலும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் யார் தலையில் விழுகிறதோ அவருடைய ஆபீஸை வைத்தல்லவா பார்க்க வேண்டும்?

வரப்போகும் ரயிலை நம்பி வாங்குவது இன்னொரு கூத்து. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. மொத்தமே 5 கி.மீ. ஆதம்பாக்கம் அருகே அரை கிலோமீட்டர் போல நில எடுப்புத் தகராறில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதை நம்பி அன்று ஃபிளாட் வாங்கியவர் வீட்டில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதிலும் ரயில் வரவில்லை. ஊரப்பாக்கத்தை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். விமான நிலையத்திலிருந்து அதற்கு மெட்ரோ வரும் என்ற பேச்சை வைத்தே ஊரப்பாக்கத்தில் மனை விற்கிறார்கள். ஓடுகிற ரயிலுக்கு மட்டும் விலை கொடுங்கள் என்பேன்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்த மனையிலிருந்து ஆபீஸ் நேரத்துக்குக் கிளம்பி, கூட்டத்தோடு போய், மாலைக் கூட்டத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டும். தரகர் இல்லாமல்.

உங்கள் இணைப்பிலும் ஒரு காரியம் செய்யலாம். விளம்பரம் தருகிறவர்களிடம் நிமிடக் கணக்கை வாங்காமல், ஸ்டேஷனிலிருந்து சாலை வழியாக எத்தனை கிலோமீட்டர், ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போடுங்கள். விளம்பர வருமானம் கொஞ்சம் குறையலாம். சந்தா கட்டும் எங்களில் பலர் செங்கல்பட்டு வண்டியில்தான் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடுவாஞ்சேரி